புராஸ்டேட் எம்ஆர்ஐ: நீங்க கேட்டதும் என் பதிலும்

ஸ்கேன் ரிப்போர்ட் எழுதுற டாக்டர் (ரேடியாலஜிஸ்ட்) நான், புராஸ்டேட், அதாவது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற சுரப்பி, அதோட எம்ஆர்ஐ பத்தி கேளுங்கன்னு சொன்னதும் கேள்வி குவிஞ்சிடுச்சு. மருந்து, ஆபரேஷன் பத்தினதெல்லாம் உங்க யூராலஜிஸ்ட்கிட்டயே கேட்டுக்கோங்க.

அப்பாவுக்கு 67 வயசு, பிஎஸ்ஏ 6.8. நேரா பயாப்சி பண்ணிடலாமே டாக்டர், எம்ஆர்ஐ தண்டச்செலவுதானே?

பிஎஸ்ஏங்கறது புராஸ்டேட்லேர்ந்து ரத்தத்துல கலக்குற ஒரு புரதம், அது ஏறுனா சந்தேகப்படுவோம். முன்னாடி நேரா பயாப்சிதான் பண்ணிட்டிருந்தாங்க, அல்ட்ராசவுண்ட் வச்சு பத்துப் பன்னெண்டு எடத்துல ஊசியால குத்தி திசு எடுக்குறது, கட்டி எங்க இருக்குன்னே தெரியாம. பிரிட்டன்ல ப்ராமிஸ்னு ஒரு ஆய்வு, 2017ல வந்துச்சு, 576 பேருக்கு எம்ஆர்ஐ, பழைய பயாப்சி ரெண்டும் பண்ணி, அதுக்கு மேல 5 மி.மீ.க்கு ஒரு ஊசின்னு சுரப்பி பூரா குத்தி எது சரின்னு பாத்தாங்க. ஆபத்தான புற்றுநோய்ல எம்ஆர்ஐ 93 சதவீதத்தப் புடிச்சுது, பழைய பயாப்சி 48தான். ஆனா எம்ஆர்ஐ ஒண்ணுமில்லாததயும் நெறைய சந்தேகப்படும், அதனால பயாப்சிக்கு பதிலா இல்ல, பயாப்சிக்கு முன்னாடி.

பி-ராட்ஸ் 4ன்னு போட்டிருக்கு சார், நாலாவது ஸ்டேஜா? ராத்திரி பூரா தூக்கமே இல்ல.

அய்யய்யோ இல்லங்க. ஸ்டேஜுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, 1லேர்ந்து 5 வரைக்கும் எவ்வளவு சந்தேகம்ங்கறதுதான் அது. 4, 5ன்னா பயாப்சி பண்ணுங்கம்போம். எங்களுக்குத் தலைவலி 3தான். அப்ப பிஎஸ்ஏவ சுரப்பியோட அளவால வகுத்துப் பாப்போம், 6.8 பிஎஸ்ஏ, சுரப்பி 70 சிசின்னா 0.1கூட வரல, பெருசான சுரப்பியே காரணமா இருக்கலாம், 0.15 தாண்டுனா பயாப்சி பக்கம் சாய்வோம்.

டிஃப்யூஷன், ஏடிசின்னு எழுதியிருக்கே, அது என்ன?

டிஃப்யூஷன்னா திசுவுக்குள்ள தண்ணி எவ்வளவு தாராளமா நகருதுன்னு பாக்குறது, அதக் கணக்குப் போட்டு வர்ற படம்தான் ஏடிசி. புற்றுநோய்ல செல்லுங்க நெருக்கியடிச்சு இருக்கும், தண்ணி நகர முடியாது, ஏடிசி படத்துல அந்த எடம் கருப்பா தெரியும். சுரப்பியோட வெளி ஓரத்துக்கு இதத்தான் நம்புவோம், உள்பக்கத்துக்கு டி2ங்கற இன்னொரு வகை எம்ஆர்ஐ படம்.

மாமாவுக்கு கிரியேட்டினின் ஜாஸ்தி. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டே ஆகணுமா?

கிரியேட்டினின் ஜாஸ்தின்னா கிட்னி சரியா வேலை செய்யலன்னு அர்த்தம், கான்ட்ராஸ்ட்ங்கறது படம் தெளிவா தெரிய நரம்புல போடுற மருந்து, அதனால கேக்குறது நியாயம்தான். பெரும்பாலும் தேவையில்ல. 2025ல வந்த பிரைம் ஆய்வுல 490 பேர், கான்ட்ராஸ்ட் இருந்தாலும் இல்லாட்டியும் கிட்டத்தட்ட 29 சதவீதம் பேருக்கு ஆபத்தான புற்றுநோய் தெரிஞ்சுது. ஆனா படம் சுத்தமா இருக்கணும். மலக்குடல்ல கேஸ் இருந்தா டிஃப்யூஷன் படம் நெளிஞ்சிடும், அதனால டாய்லெட் போயிட்டு வந்து படுக்கச் சொல்லுங்க. இடுப்பு மூட்டு மாத்தியிருந்தாலும் அதே தொல்லை, முன்கூட்டியே சொல்லிடுங்க. ஏற்கனவே பயாப்சி ஆச்சுன்னா ரத்தக்கசிவு கொழப்பும், ஆறேழு வாரம் தள்ளிப் போடுறது நல்லது.

ஏஐ வந்துட்டா உங்க வேலை போயிடுமாமே அண்ணா 😄

போனா போகட்டும் தம்பி, தூங்கலாம். பை-கைன்னு 2024ல ஒரு ஆய்வு, 400 ஸ்கேன், 62 ரேடியாலஜிஸ்ட், ஆபத்தான புற்றுநோயக் கண்டுபிடிக்கறதுல சராசரியா ஏஐதான் மேல. ஆனா நோயாளி விவரமெல்லாம் வச்சு ஆஸ்பத்திரில அன்னாடம் எழுதுன ரிப்போர்ட்ட அதால முந்த முடியல.

எம்ஆர்ஐ நார்மல், ஆனா பிஎஸ்ஏ ஏறிக்கிட்டே போகுது டாக்டர்.

நார்மல்னு ஃபைல மூடி வச்சுடாதீங்க, எம்ஆர்ஐக்கு தப்புற நோயும் உண்டு. பழைய பிஎஸ்ஏ ரிசல்ட் எல்லாத்தையும் தேதியோட எடுத்துட்டுப் போங்க, குடும்பத்துல யாருக்காவது இருந்திருந்தா அதையும் சொல்லுங்க, பயாப்சியா, புராஸ்டேட் புற்றுநோய் செல்லுங்கள தேடிக் காட்டுற பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனான்னு யூராலஜிஸ்ட் அதப் பாத்துதான் முடிவு பண்ணுவார்.