செவ்வாய் மழை, சனிக்கிழமை பக்ஸ்கின் கல்ச்: போகலாமா?
அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செவ்வாயன்று மழை, சனிக்கிழமை வாடகை செடான் காரில் போய் வயர் பாஸ் என்ற கிளைப் பள்ளத்தாக்கு வழியாக பக்ஸ்கின் கல்ச் என்ற குறுகிய, ஆழமான பாறைப் பள்ளத்தாக்கில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தடுக்கப்போவது பள்ளத்தாக்கு இல்லை, சாலைதான். நெடுஞ்சாலை 89-இலிருந்து ஹவுஸ் ராக் வேலி சாலையில் சுமார் 13 கி.மீ. மண்பாதை. களிமண் நனைந்துவிட்டால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியே வழுக்கும், செடான் பற்றிச் சொல்லவே வேண்டாம். கனாப் ஊரிலுள்ள பிஎல்எம் (அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை) அலுவலகத்துக்கு ஃபோன் செய்து சாலை நிலவரத்தையும் உள்ளே தேங்கிய நீரின் ஆழத்தையும் கேளுங்கள்.

உள்ளே வெயில் அதிகம் படாததால் குட்டைகள் வாரக்கணக்கில் வற்றாமல் கிடக்கும். நீர் சில்லென்றிருக்கும்; மார்பளவு என்றால் வெட்சூட் (குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கும் இறுக்கமான உடை) இல்லாமல் இறங்காதீர்கள். பருத்தி உடை கூடாது, ஈரம் காயாது. கலங்கிய நீரில் அடி தெரியாது, கம்பை ஊன்றி ஆழம் பார்த்து நடங்கள். வெள்ளம் மணலை அரித்திருந்தால் வயர் பாஸின் பாறை இறக்கம் இன்னும் உயரமாகியிருக்கும். திரும்பி ஏற முடியுமா என்று பார்த்த பிறகே குதியுங்கள்.

வானத்தைத் தலைக்கு மேல் மட்டும் பார்த்தால் போதாது. 1997 ஆகஸ்டில் அரிசோனாவில் இதேபோன்ற குறுகிய பள்ளத்தாக்கான ஆன்டிலோப் கேன்யனில் 11 பேரைக் கொன்ற வெள்ளம், பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழையில் வந்தது. சனிக்கிழமை காலை தேசிய வானிலைச் சேவையின் திடீர் வெள்ள மதிப்பீட்டில் 'சாத்தியம்' என்றிருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான். அதனால் விடியலில் இறங்கி, நண்பகலுக்குள் வெளியே வந்துவிடுங்கள்.