கண்புரை நன்றாக முற்றிய பிறகுதான் ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

அம்மாவுக்கு 62 வயது, இரண்டு கண்ணிலும் புரை, சொந்தக்காரர்கள் "முத்தட்டும், அவசரப்படாதீங்க" என்கிறார்கள், காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முற்றுவதற்காகக் காத்திருக்காதீர்கள். எங்கள் அப்பத்தாவுக்கு வலது கண் போனது அப்படித்தான்.

ஒரு காலத்தில் அது சரியான யோசனைதான். அப்போது புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டால் பதிலுக்கு உள்ளே வைக்க ஒன்றும் கிடையாது, சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும், அதனால் முடிந்தவரை தள்ளிப்போட்டார்கள். லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற கண் டாக்டர் 1949-லேயே கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்துவிட்டார், ஆனால் இறக்குமதி லென்ஸ் விலை நம் ஊர் ஏழைகளுக்கு எட்டவில்லை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-ல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே லென்ஸ் செய்த பிறகுதான் அது மலிவானது. அதற்கு முந்தைய ஆபரேஷன்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இன்னும் இப்படிச் சொல்கிறார்கள்.

இப்போது சின்ன வெட்டு வழியாகப் புரையை அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். முற்ற முற்ற அது இறுகிப்போகும், உடைப்பது கஷ்டம், கருவிழிக்கும் ஆபத்து. இன்னும் விட்டால் சிலருக்குப் புரை விழுந்த அந்த லென்ஸே ஊதி, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அடைத்துக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அப்பத்தாவுக்கு நடந்தது அதுதான். ராத்திரி திடீரென்று மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி, கண் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. பித்தம் என்று நினைத்து நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டு இரண்டு நாளை ஓட்டிவிட்டோம். அப்புறம் புரையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் பார்வை நரம்பு பட்டுப்போயிருந்தது, அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

சரி, அதற்காக ஆரம்பப் புரை என்றதும் ஓட வேண்டியதில்லை. அம்மாவால் அரிசியில் கல் பார்க்க முடிகிறதா, படி இறங்கத் தடுமாறுகிறாரா, எதிரே வரும் வண்டி வெளிச்சம் கூசுகிறதா என்று கேளுங்கள். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றால் டாக்டரிடம் பேசித் தேதி வாங்கிவிடலாம். சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு மருந்து, தேன், தாய்ப்பால் எதிலும் புரை கரையாது, தயவுசெய்து கண்ணில் எதையும் விடாதீர்கள். ஆபரேஷன் ஆகும்வரை கண் சிவந்து வலியும் வாந்தியும் வந்தால், நடுராத்திரியானாலும் உடனே கிளம்புங்கள்.