அப்பாவின் நெஞ்சு இறுக்கத்தை முதலில் பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பமாக நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் போகிறோம். அப்பாவுக்கு 66 வயது; பிரஷர், நீரிழிவு இரண்டும் உண்டு. மலையில் ஒட்சிசன் குறைந்து மூளை வீங்கும் என்று இணையத்தில் வாசித்துப் பயந்து, அதைத் தடுக்க டயமொக்ஸ் குளிசை வாங்கி வைத்திருக்கிறேன். எப்போது கொடுக்கத் தொடங்கலாம்? மலைப்பாதையில் எனக்குத் தலை சுற்றும், காது அடைக்கும். அப்பாவுக்கு வீட்டு மாடிப்படி ஏறினாலே நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விட்டுவிடும். வயதுதானே காரணம்?
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: அந்தக் குளிசையை அப்பாவுக்குக் கொடுக்கவே வேண்டாம். நீங்கள் வாசித்த உயர மலை நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலே போய்த் தங்குபவர்களுக்கு வருவது. இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். நுவரெலியா நகரம் 1,900 மீற்றரைக்கூடத் தொடாது. ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 2,100 மீற்றர், அங்கும் பகலில் சில மணி நேரம்தான் நடப்பீர்கள். மூளை வீங்காது. டயமொக்ஸ் சிறுநீரை அதிகமாகப் போக்கும். பிரஷருக்கு நீர் போக்கும் குளிசை எடுப்பவராக இருந்தால் உடம்பின் உப்புச்சத்தே குழம்பிவிடலாம். இணையத்தில் வாசித்துவிட்டு நேரே பார்மசிக்குப் போகும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

உங்கள் தலைச்சுற்றும் காதடைப்பும் பாதையின் வேலை. முன் இருக்கையில் இருங்கள், எச்சிலை விழுங்குங்கள், போதும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடைசி வரி. ஏறும்போது இறுக்கி, நின்றால் விடும் நெஞ்சு இறுக்கத்துக்கு வயதைக் காரணம் சொல்லாதீர்கள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டுக்கொண்டிருக்கலாம். நீண்டகால நீரிழிவில் நரம்பு மரத்து, இந்த வலி பலருக்குத் தெரிவதே இல்லை. அப்பா வாய் திறந்து சொல்கிறார் என்றால் உடனே கேட்க வேண்டும். சமவெளியின் விடியற்குளிர் அந்தக் குழாயை மேலும் சுருக்கும். உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்பையும் பேக்கர் அருவியையும் சுற்றிவரும் பாதை 9 கிலோமீற்றர் அளவு, அதில் ஏற்ற இறக்கமும் உண்டு.

இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். படுக்கவைத்து எடுக்கும் இசிஜி சரியாக இருந்தால் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். "ஏறும்போதுதான் வருகிறது" என்று அழுத்திச் சொல்லுங்கள். நடக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை தேவைப்படலாம். சும்மா இருக்கும்போதே இறுக்கினாலோ, நின்றும் விடாவிட்டாலோ, கூடவே வியர்த்துக் கொட்டினாலோ, உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காஸ்ட்ரிக் என்று சோடா கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள்.

பரிசோதனை முடியும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மருத்துவர் சம்மதித்துப் போகும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பனிமூட்டம் வருமுன் உலக முடிவைப் பார்க்க எல்லோரும் விடியமுன்னே வெறும் வயிற்றோடு புறப்படுவார்கள். நீரிழிவுக் குளிசையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் நடந்தால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். அப்பா சாப்பிட்ட பிறகே நடக்கட்டும். அவர் சட்டைப்பையில் குளுக்கோஸ் பக்கெட் ஒன்று இருக்கட்டும்.