ரெட் அலர்ட் விட்டும் தூறல்கூட இல்லையே? – வானிலை கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே கேள்விகளும் கொட்ட ஆரம்பித்துவிடும். திரும்பத் திரும்ப வருபவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சென்னைக்கு ரெட் அலர்ட் என்றார்கள், பள்ளிக்கு விடுமுறையும் விட்டார்கள். எங்கள் பகுதியில் வெயில் அடித்தது. ஏன் இப்படிப் பயமுறுத்துகிறார்கள்? (அம்பத்தூர் வாசகர்)

அறிக்கையை முழுசாகப் படித்தால் பெரும்பாலும் "ஓரிரு இடங்களில்" என்று ஆரம்பிக்கும். டிவியில் ஓடும் வரியில் அந்த இரண்டு சொல்தான் முதலில் காணாமல் போகும். இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு அது ஒரு கணக்கு. அந்தப் பகுதியிலுள்ள மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசி வரை பெய்தால் ஓரிரு இடங்கள். பாதி வரை என்றால் ஒரு சில இடங்கள். முக்கால்வாசி வரை அநேக இடங்கள். அதற்கும் மேல் பெரும்பாலான இடங்கள். ஆக, நாலில் மூன்று இடம் தப்பித்தாலும் அந்த அறிவிப்பு பலித்ததாகவே அர்த்தம். உங்கள் வீடு அந்த மூன்றில் இருந்திருக்கிறது.

இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர்தான். மீனம்பாக்கத்தில் கொட்டும்போது நுங்கம்பாக்கத்தில் ரோடு காய்ந்து கிடப்பது சென்னைக்காரர்களுக்குப் புதிதா என்ன? எந்தப் பேட்டையில் பெய்யும் என்று மூன்று நாள் முன்பே சொல்ல எந்த நாட்டுக் கணினியாலும் முடியாது. அதை ரேடாரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்கு முன்னால்தான். மழை மேகங்களின் நகர்வைக் காட்டும் டாப்ளர் ரேடார் சென்னையில் 2002 முதல் இருக்கிறது. வெளியே கிளம்புகிற அன்று "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று வரும் அறிவிப்பைப் பாருங்கள், காலை டிவியை விட உபயோகம்.

அப்புறம், விடுமுறை விடுவது ஆட்சியர். அந்தப் பழியை வானிலை மையத்தின் தலையில் போடாதீர்கள்.

மழை பெய்தது ஒரு தேதி, அளவு வெளியாவது மறுநாள் தேதியில். ஏன்?

ஒரு நாள் மழை என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அளந்து முடித்த தேதியில்தான் பதிவாகும். சென்னை வெள்ளத்தின்போது தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. 2015 டிசம்பர் 2 என்று பதிவாகியிருக்கிறது. அதில் பெரும்பகுதி முதல் தேதி பெய்தது.

நீங்களே அளக்கலாம். வாளி வேண்டாம், வாய் அகன்று அடி குறுகியிருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாத்திரத்தை மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியும் மரமும் மறைக்காத இடத்தில் வையுங்கள். உள்ளே ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் சரி. ஒரு மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. பெய்தால் சுமார் 9,300 லிட்டர். கோடையில் காசு கொடுத்து வாங்குகிற ஒரு லாரித் தண்ணீர் அது.

காயல்பட்டினத்தில் புயலே இல்லாமல் அவ்வளவு மழை எப்படி? (தூத்துக்குடி வாசகர்)

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 95 செ.மீ. உங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதை விட அதிகம். குமரிக்கடல் பக்கம் இருந்தது ஒரு வளிமண்டல மேலடுக்கு சுழற்சி, அதாவது தரைக்கு மேலே உயரத்தில் காற்று சுழல்வது. அதற்குப் பெயர் வைக்க மாட்டார்கள், டிவியில் கவுன்ட்டவுன் ஓடாது. பெயர் கிடைக்கக் காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட வேண்டும். மழைக்கு அந்த நிபந்தனை இல்லை.

எச்சரிக்கை போதுமா, தாமதமா என்று அப்போது மத்திய, மாநில அரசுகள் மோதிக்கொண்டன. எனக்கு உறுத்துவது வேறொன்று. 6.45 செ.மீ. முதல் கனமழை, 11.56 முதல் மிக கனமழை, 20.45 முதல் அதி கனமழை. அதற்கு மேல் இப்படி அளவு வைத்த படி கிடையாது. 21 செ.மீ.க்கும் அதி கனமழை, 95க்கும் அதி கனமழை. கேட்பவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? இன்னொரு படி தேவை என்பேன்.

எல் நினோ என்றால் நமக்கு வறட்சிதானே?

வட இந்தியப் பத்திரிகைகளைப் படித்து வரும் பயம் இது. பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ வருஷங்களில் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம்தான். ஆனால் தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருகிறது, எல் நினோ அதற்குப் பெரும்பாலும் கைகொடுக்கிறது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு, சென்னை மிதந்தது. தென்மேற்கிலும் விதிவிலக்கு உண்டு. 1997-இல் கடுமையான எல் நினோ இருந்தும் நாட்டின் பருவமழை இயல்பாகவே பெய்தது.

இந்தத் தொடர்பின் ஒரு நுனி கிடைத்ததே நம் வானிலைத் துறையில்தான். 1899 பஞ்சத்துக்குப் பிறகு, 1904-இல் துறைத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித மேதை. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி உலகத்துக் காற்றழுத்தப் பதிவுகளை எல்லாம் ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது என்று கண்டார். அதை எல் நினோவோடு முடிச்சுப் போட 1960-கள் வரை ஆயிற்று.

துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஊரைக் காலி செய்ய வேண்டுமா? (நாகை வாசகர்)

வேண்டாம். தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்வது அது. 8 முதல் 10 வரைதான் பெரும் ஆபத்து. கடைசி எண் 11, வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு.