வெப்சைட் இருந்தும் போன் போட்டுக் கேட்கிறார்களா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகாமகக் குளம் பக்கம் சைவ ஹோட்டல் நடத்துகிறோம். போன வருஷம் 45,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் செய்தோம். பார்க்கிறவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், வேன் நிறுத்த இடம் இருக்கா என்று ஒரு நாளைக்கு 20 போனாவது வருகிறது. வெப்சைட்டில் என்ன குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வெப்சைட் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறதோ அதைத்தான் அந்த 20 பேரும் கேட்கிறார்கள். ஒரு வாரம் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். யார் போன் செய்தாலும் என்ன கேட்டார்கள் என்று ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வருகிற நாலைந்து கேள்விக்குப் பதில், வெப்சைட்டைத் திறந்ததும், விரலால் மேலே தள்ளாமலேயே கண்ணில் பட வேண்டும்.

உங்கள் ஊருக்கு வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். நவகிரகக் கோயில் சுற்ற வந்த ஒரு குடும்பம் திருநாகேஸ்வரம் முடித்துவிட்டு வேனில் திரும்புகிறது, மணி ஒன்றரை, பாட்டிக்குச் சர்க்கரை, பசி தாங்க மாட்டார், முன் சீட்டில் இருப்பவர் கையில் போன். சாப்பாடு இப்போது கிடைக்குமா, எங்கே இருக்கிறது, வண்டி நிறுத்தலாமா, என்ன விலை, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். வாழையிலைப் படம் ஒன்று மாற்றி ஒன்று நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இந்தப் பதில்களை மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

அடுத்து, ஹோட்டல் வெப்சைட்டுக்கே உரிய ஒரு சிக்கல். மூலையில் மூன்று கோடு போட்டு, பக்கத்திலேயே 'மெனு' என்று எழுதியிருப்பார்கள். மற்ற வெப்சைட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான், உள்ளே இருக்கிற பக்கங்களின் பட்டியல். ஹோட்டல் வெப்சைட்டில் மெனு என்றால் சாப்பாட்டுப் பட்டியல். வாடிக்கையாளர் இட்லி, தோசையை எதிர்பார்த்துத் தொடுகிறார், 'எங்களைப் பற்றி', 'படங்கள்', 'தொடர்புக்கு' என்று வருகிறது. தப்பாகத் தொட்டுவிட்டோம் போல என்று மூடிவிடுவார், அதே பட்டியலில் கீழே 'உணவு வகைகள்' இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் 'உணவுப் பட்டியலும் விலையும்' என்று தனிப் பொத்தானாக வெளியே எடுத்துவையுங்கள். அழைக்க ஒன்று, வழி காட்ட ஒன்று, ஆக மூன்று பொத்தான். இந்த மூன்றும் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் திரையின் அடியிலேயே நிற்கட்டும், கட்டைவிரலுக்கு எட்டுகிற இடம் அதுதான்.

பட்டியலைத் திறந்தால் என்ன வருகிறது? அச்சடித்த மெனு கார்டை அப்படியே பிடிஎஃப்பாகப் போட்டிருந்தால் முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். போன மாதம் வெளியூரில் ஒரு ஹோட்டலின் பட்டியலை அப்படித்தான் பார்த்தேன். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினால் இடது பக்கம் 'நெய் ரோஸ்ட்' தெரிகிறது, விலை வலது ஓரத்தில் திரையை விட்டு வெளியே போய்விடுகிறது. இழுத்து விலையைப் பிடித்தால் அது எந்த அயிட்டத்தின் விலை என்று தெரியவில்லை. சாதாரண எழுத்தாக, பெயருக்கு அடுத்தே விலையாக, காலை, மதியம், இரவு என்று பிரித்துப் போட்டால் போதும்.

தமிழில் எழுதியிருக்கிறீர்கள் என்றால் இதையும் செய்து பாருங்கள். வெப்சைட்டில் 'தயிர் சாதம்' என்பதை விரலால் அழுத்திப் பிடித்து, காப்பி செய்து, வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். அப்படியே வந்தால் நல்லது. அழுத்தினாலும் பிடிபடவில்லை என்றால் அநேகமாக அது எழுத்தே இல்லை, படம். புரியாத ஆங்கில எழுத்தாக வந்து விழுந்தால் அது பாமினி மாதிரி பழைய எழுத்துரு, ஆங்கில எழுத்துக்கே தமிழ் வடிவம் போட்டுக் காட்டுவது. இரண்டுமே கூகுள் தேடலில் உங்களுக்குக் கை கொடுக்காது, எல்லா போனும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொது முறையான யூனிகோடில் மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் 'பூரி', 'கூட்டு' இவற்றின் கீழ்ச்சுழி வெட்டுப்படாமல் வருகிறதா என்று பாருங்கள், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்குப் பல நேரம் போதாது.

வெப்சைட் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பார்க்க கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற சோதனைத் தளம் இருக்கிறது, இலவசம். உங்கள் வெப்சைட் முகவரியைக் கொடுத்து, மொபைல் பகுதியைப் பாருங்கள். பக்கத்தின் முக்கியப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அதைத் தாண்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேமராவிலிருந்து சுருக்காமல் ஏற்றிய படங்களைத்தான். 2028-இல் மகாமகம் வருகிறது. அந்தக் கூட்டத்தில் நெட் திணறும்போது, கனமான பக்கம் திறக்கவே திறக்காது.

மத்தியானம் 12 மணிக்கு போனை எடுத்துக்கொண்டு தெருவில் வந்து நின்று ஒருமுறை வெப்சைட்டைப் படியுங்கள். அரக்கு நிறத்தில் தங்க எழுத்து கடைக்குள் நன்றாகத்தான் இருக்கும், வெயிலில் தெரிகிறதா? சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, வெப்சைட்டை எல்லாரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) என்ற சர்வதேச வழிகாட்டு நெறி சொல்கிறது. செய்துகொடுத்தவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் அவர் சரிபார்த்துவிடுவார்.

இதெல்லாம் முடிந்ததும் ஆட்களை வைத்துச் சோதியுங்கள். 5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதினார், என் அனுபவத்திலும் அது சரிதான். உங்கள் ஹோட்டலுக்கு வந்திராத 5 பேர், அதில் இரண்டு பேராவது 60 வயதுக்கு மேல் இருக்கட்டும். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்கு இங்கே டிபன் கிடைக்குமா, கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்று வேலை கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் விரலை மட்டும் பாருங்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கேதான் மாற்ற வேண்டும்.

அப்புறம், கூகுள் மேப்பில் இருக்கும் நேரமும் வெப்சைட்டில் இருக்கும் நேரமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். தீபாவளிக்கு மறுநாள் விடுமுறை என்றால் இரண்டு இடத்திலும் நீங்களே மாற்ற முடிகிறதா? காபி விலை ஏறினால் ஒவ்வொரு தடவையும் செய்துகொடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் பட்டியல் சீக்கிரமே பழசாகிவிடும், கடையில் ஒரு விலை, வெப்சைட்டில் ஒரு விலை என்று கல்லாவில் சண்டை வரும். பாஸ்வேர்டை இந்த வாரமே வாங்கிவிடுங்கள், வெப்சைட் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.