பல ஆண்டுகள் நின்ற பழைய காரை ஓட வைப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் கார் ஒன்று 14 ஆண்டுகளாக ஷெட்டில் நிற்கிறது. நிறுத்தியபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புது பேட்டரி போட்டு, புது பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஆண்டுக்கணக்கில் நின்றதால் வரும் சேதத்தைவிட, அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பும் முதல் பத்து விநாடியில் வரும் சேதம் பெரியது. சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் எப்போதோ வடிந்துபோயிருக்கும். எந்த சிலிண்டரின் வால்வு திறந்தபடி நின்றதோ, அதற்குள் ஈரக்காற்று போய்வந்துகொண்டே இருந்திருக்கும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. இரண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் விசையில் அதைப் பிய்த்தால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். வால்வின் தண்டு அது ஓடும் குழலான கைடில் இறுகியிருந்தால், வால்வைத் திறக்கும் கம்பியான புஷ்ராட் வளையும்.

ஆகவே பேட்டரியே இல்லாமல் தொடங்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றி, எது எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசையாக வையுங்கள். ஒரு பிளக்கின் முனை மட்டும் துருவேறியிருந்தால் அந்த சிலிண்டரில்தான் ஈரம் புகுந்திருக்கிறது. பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 முதல் 15 மில்லி துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் தொடாமல் இருங்கள். பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லியின் (இன்ஜினின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) நடு போல்ட்டில் ஸ்பானர் வைத்து, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் திருகினால் அந்த போல்ட்டே கழன்றுவிடலாம். வால்வுகளின் மேல்மூடியான ராக்கர் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு முழுச் சுற்றில் எல்லா வால்வும் ஒருமுறை இறங்கி ஏறுகிறதா என்று பாருங்கள். இறங்கிய வால்வு ஏறாமல் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். தண்டில் எண்ணெய் விட்டு, மென்மையாகத் தட்டி அதை விடுவித்த பிறகே மேற்கொண்டு சுற்ற வேண்டும்.

கேள்வி: எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஆகிறது. புல்லி இம்மியும் அசையவில்லை. இன்ஜின் ஜாம்தானா?

உறுதியாகச் சொல்வதற்கு முன் இன்ஜினோடு ஒட்டியிருக்கும் மற்றவற்றை விலக்குங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். டைனமோவோ தண்ணீர் பம்போ இறுகியிருக்கலாம். ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள், அதன் பற்சக்கரம் இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பல்லில் மாட்டிக்கொண்டிருப்பது பழைய கார்களில் சாதாரணம். கியர் உண்மையிலேயே நியூட்ரலில் இருக்கிறதா என்று காரைத் தள்ளிப் பாருங்கள்.

அப்படியும் அசையாவிட்டால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சம அளவு கலந்து சிலிண்டருக்குள் விடுங்கள். அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகும், எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்து, தினமும் கொஞ்சம் சேர்த்துவாருங்கள். நாளுக்கு ஒருமுறை ஸ்பானரை முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். நூலளவு அசைந்தாலும் வழி பிறந்துவிட்டது, அதையே பொறுமையாக அகலப்படுத்தலாம். நீளமான குழாயை ஸ்பானரில் செருகித் தொங்குவது மட்டும் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் இளகாவிட்டால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் செலவு குறைந்த வழி. பலவந்தமாகச் சுற்றிக் கெடுத்த இன்ஜினைச் சரிசெய்ய அதைவிட எவ்வளவோ செலவாகும்.

கேள்வி: கையால் சுற்றினால் இன்ஜின் இலகுவாகச் சுற்றுகிறது. அடுத்து என்ன?

பழைய இன்ஜின் ஆயிலை இறக்கி, ஃபில்டரையும் மாற்றுங்கள். அதில் எரிபொருள் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். புதிதாக ஊற்றுவதைக் காரின் கையேட்டின்படி தேர்ந்தெடுங்கள். அக்காலத்து இன்ஜின்கள் பலவற்றுக்கு 20டபிள்யூ-50 பொருந்தும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டும் டாப்பட்டும் ஒன்றையொன்று உராயும் அமைப்பு என்பதால் துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு உள்ள ஆயில் தேவை. இன்ஜினுக்குள் ஊற்றிக் கழுவும் ஃப்ளஷ் திரவம் வேண்டாம். அடியில் படிந்த கசடு ஒரே நேரத்தில் இளகி ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும்.

பேட்டரியை இணைக்கும் முன் இரண்டு விஷயம். சில பழைய கார்களில், குறிப்பாக 1960-களின் பிற்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் தயாரிப்புகள் பலவற்றில், பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பழைய பேட்டரி எப்படி இணைக்கப்பட்டிருந்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள். இரண்டாவது, எலி கடித்த ஒயர். எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரிக்கும் எர்த் ஒயருக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பைத் தொடராக இணைத்துப் பாருங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. (6 வோல்ட் காராக இருந்தால் பல்பும் 6 வோல்ட்.)

இனி பிளக்குகள் இல்லாமலே, இக்னிஷன் காயிலின் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். பிளக் துளைகளிலிருந்து எண்ணெய் பீறிடும். மேலே கந்தல் துணி போட்டு முகத்தைத் தள்ளி வையுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடி, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. ஆயில் விளக்கு அணையும் வரை, அல்லது பிரஷர் முள் எழும் வரை இதைச் செய்யுங்கள். முள் எழவே இல்லை என்றால் ஆயில் பம்ப் உலர்ந்து உறிஞ்ச முடியாமல் இருக்கிறது. ஃபில்டர் நிமிர்ந்து நிற்கும் வகையாக இருந்தால் அதில் ஆயில் நிரப்பி மாட்டிப் பாருங்கள். பிரஷர் வராமல் பிளக்கைத் தொடவே கூடாது.

பிளக் இடைவெளியும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் கான்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளியும் காருக்குக் கார் மாறும். பாயின்ட் பொதுவாக 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.6 முதல் 0.7 மி.மீ. அளவில் இருக்கும். நின்ற காரில் நெருப்புப் பொறி வராததற்கு முதல் காரணம் பாயின்ட் முகத்தில் படர்ந்த ஆக்சைடு. நுண்ணிய உப்புத்தாளால் ஒருமுறை இழுத்து, பிறகு வெள்ளை அட்டையை நடுவில் வைத்துத் துடைத்தால் பெரும்பாலும் பொறி வந்துவிடும்.

கேள்வி: டேங்க்கில் பாதி பெட்ரோல் இருக்கிறது. வார்னிஷ் மாதிரி வாடை. புதியதைக் கலந்தால் சரியாகுமா?

ஆகாது. எளிதில் ஆவியாகும் பகுதிகள் போய், மிஞ்சியது பிசினாகிக்கொண்டிருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கி, டேங்க்கின் தரையை அரிக்கும். முழுவதையும் இறக்குங்கள். உள்ளே பார்க்கத் தீப்பொறிக்கு வழியில்லாத கைவிளக்கு மட்டும்.

லேசான துருவுக்கு, கழற்றிக் கழுவிய டேங்க்கில் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். பிறகு நன்றாக அலசி, சமையல் சோடா கரைசலால் அமிலத்தை முறித்து, சுடுகாற்றால் உடனே உலர்த்துங்கள். தாமதித்தால் சில நிமிடத்திலேயே புதுத் துரு பூக்கும். ஓட்டை விழுந்த டேங்க்கை வீட்டில் வெல்டிங் செய்ய நினைக்காதீர்கள். காலியானதாகத் தெரியும் டேங்க்கில்தான் ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும்.

ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் பாயும் நுண்துளைப் பாகங்களான ஜெட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். எஃகுக் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு எவ்வளவு டியூன் செய்தாலும் பெட்ரோல் அதிகம் குடிக்கும். கார்புரேட்டருக்குள் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் அலசும் சத்தம் கேட்டால் அது ஓட்டை. ஃப்ளோட் ஊசி சிக்கிக்கொண்டால் கார்புரேட்டர் நிரம்பி, சூடான மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் வழியும். முதல் ஸ்டார்ட்டின்போது தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது இதனால்தான். அந்த முதல் ஓட்டத்துக்குத் தனி கேனிலிருந்து இரண்டு லிட்டர் புதுப் பெட்ரோல் கொடுங்கள்.

கேள்வி: பிரேக் பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது. அப்படியே விடலாமா?

இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி, ஏனெனில் உயிர் போகிற தவறு இங்கேதான் நடக்கிறது. பெடல் கெட்டியாக இருப்பது எதற்கும் சாட்சி அல்ல. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்திலான புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205-இலிருந்து 140-க்கு இறங்கும். இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயிலுக்குள் ஆவி உண்டானால் பெடல் தரைவரை போகும். அதே நீர்தான் சிலிண்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது.

பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கும் போச்சு. எனவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர் கப்புகள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சிலிண்டரின் உட்புறம் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். புதுக் கப்பும் அதில் கிழியும். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி வால்வு போல வேலை செய்யும்: மிதித்தால் பிரேக் பிடிக்கும், விட்டால் விடாது.

டிரம் கழறாவிட்டால் அட்ஜஸ்டரைப் பின்வாங்கிவிட்டு, டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிரேக் பாகங்களைப் பெட்ரோலிலோ இன்ஜின் ஆயிலிலோ கழுவவும் கூடாது, ரப்பர் ஊதிவிடும். பிரேக் குழாய்களிலிருந்து காற்றெடுக்கும்போது பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

கேள்வி: இன்ஜின் ஓடுகிறது. கிளட்ச்சை மிதித்தாலும் கியர் விழாமல் உறுமுகிறது.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கிறது. இன்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, பெடலை முழுவதும் அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். பல நேரம் இதுவே போதும். இல்லாவிட்டால், பிரேக் சரியான பிறகு, ஆளில்லாத சமதளத்தில் கியரில் போட்டபடி ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மிதியுங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் (தரையைத் தொடும் வரிப்பகுதி) நன்றாக இருக்கிறது. ஓட்டலாமா?

பட்டனைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 3509 என்றால் 2009-இன் 35-ஆவது வாரம். மூன்று இலக்கமே இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். பத்து ஆண்டைத் தாண்டிய டயரை, விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முதல் ஓட்டத்தில் வெள்ளைப் புகை, பத்து நிமிடத்தில் வெப்பமுள் ஏறுகிறது. பயப்பட வேண்டுமா?

சிலிண்டரில் நீங்கள் விட்ட எண்ணெய் எரிந்து தீரும்வரை புகை வரும். கால் மணி நேரத்துக்குப் பிறகும் வெள்ளைப் புகை நின்றபாடில்லை, கூலன்ட்டும் குறைகிறது என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். வெப்பமுள் ஏறினால் இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, முதலில் கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போடுங்கள். கொதிக்கும்வரை திறக்காவிட்டால் அதை மாற்றுங்கள். அடுத்த சந்தேகம் ரேடியேட்டரின் துரு: கீழிருந்து மேலாகத் தண்ணீர் பாய்ச்சி, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். நிரப்பும்போது வாலை வடிநீரும் கூலன்ட் அடர்கரைசலும் சம அளவு.

எல்லாம் சீரானால் முதல் ஓட்டம் அரை மணி நேரம் போதும். நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்த பிரேக் விடவில்லை, அல்லது பேரிங்கில் கிரீஸ் இறுகிவிட்டது. ஆயில் இன்னும் சூடாக இருக்கும்போதே அதை மறுபடியும் இறக்கி, ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள்.