நிலக்காட்சியைத் தனிக்குழலில் வாசிப்பது: கேள்வி பதில்

கேள்வி: கடற்கரையை மனதில் வைத்து எழுதிய தனிக்குழல் படைப்பு (துணை இசை இல்லாமல் ஒரே மேற்கத்தியப் புல்லாங்குழலுக்கானது) ஒன்றைப் பயில்கிறேன். அதில் மூச்சொலி நிறைய. நான் வாசித்தால் பிழை மாதிரியே கேட்கிறது.

பதில்: மூச்சொலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நீங்கள் தீர்மானிக்காவிட்டால் அது கசிவாகத்தான் கேட்கும். ஊதுதுளையை லேசாக வெளிப்பக்கம் திருப்பி, உதட்டைத் தளர்த்தி, முதலில் வெறும் காற்று. அப்புறம் நான்கு எண்ணுவதற்குள் உதட்டைக் குவித்து, அந்தக் காற்றுக்குள்ளிருந்தே சுரம் வரட்டும். வந்த வழியே திரும்புங்கள். வாய்க்குள் 'ஊ' என்று வைத்தால் காற்று இருண்டு ஒலிக்கும். 'ஈ' என்றால் கூராகும். அலை ஏறி இறங்குவதை இந்த ஒரு மாற்றத்திலேயே காட்டலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: மூச்சொலி வழக்கத்தைவிட அதிகக் காற்றைத் தின்னும். மூச்செடுக்கும் இடங்களைப் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசில் டோன், அதாவது மிக மெல்லிய காற்றில் எழும் சீழ்க்கை போன்ற ஒலி, கடைசி வரிசைக்குக் கேட்குமா?

பதில்: பெரிய அரங்கில் கேட்பது கடினம். கேட்கட்டும் என்று அழுத்தினால் உடைந்துவிடும். கீழ் சி (C) சுரத்தின் விரல்நிலையில், எதிரே மெழுகுவத்தி இருந்தால் சுடர் அசையுமே தவிர அணையாத அளவுக்குக் காற்று விடுங்கள். மேல் ஒலிகள் தாமாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நழுவும். இசையமைப்பாளர் அனுமதித்தால் மைக்கை அருகில் வைக்கலாம். இல்லையென்றால் சின்ன அரங்கைத் தேடுங்கள், அதுவே எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: நீண்ட மௌனங்களில் அவசரப்படுகிறேன்.

பதில்: எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் தொலைவு என்பதே அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. மலையை ஒலியால் வரைய முடியாது, அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று உணர்த்த முடியும். குழலைக் கீழே இறக்காதீர்கள், இறக்கினால் கேட்பவர் முடிந்தது என்று நினைப்பார். காலால் தட்டி எண்ண வேண்டாம். கடைசி ஒலி அரங்கில் முழுதும் கரைவதைக் கேளுங்கள், பிறகு உங்கள் மூச்சு ஒன்று, அதன் பின் அடுத்த ஒலி.

கேள்வி: எது எந்த இடம் என்று முன்னுரையில் சொல்லவா?

பதில்: இரண்டு வாக்கியம் போதும்.

கேள்வி: எந்தப் படைப்பில் தொடங்கலாம்?

பதில்: பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 'சிரிங்ஸ்' (1913). அது நாடகத்துக்காக, மேடைக்குப் பின்னாலிருந்து ஒலிக்க எழுதியது. ஒருமுறை அடுத்த அறையிலிருந்து வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். அப்புறம் பிரான்ஸில் பிறந்த இசையமைப்பாளர் வாரேஸின் 'டென்சிட்டி 21.5' (1936): நிலக்காட்சி இல்லை, ஆனால் கீக்களை (குழலின் துளைகளை மூடித் திறக்கும் விசைகளை) தட்டும் ஒலியை அங்கே கற்கலாம். கீயைத் தட்டும்போது விரலை உயரத் தூக்காதீர்கள். கீக்கு மிக அருகிலிருந்து அடித்தால் போதும், ஒலி மழைத்துளி மாதிரி தனித்தனியாக விழும்.